டிஸ்க்கைக் கையால் சரிசெய்வதாகச் சொல்கிறார்கள்: முன்பணம் கட்டலாமா?

கேள்வி: பல்லடம் பக்கம் வீட்டோடு விசைத்தறி ஓட்டுகிறோம். எனக்கு வயது 43. இரண்டு மாதமாக இடுப்பு வலி. அருகிலுள்ள ஆஸ்டியோபதி கிளினிக்கில், டிஸ்க் விலகியிருப்பதாகவும் பத்து முறை வந்தால் கையாலேயே சரியாக்குவதாகவும் கூறி 15,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார்கள். 68 வயதான என் மாமியாரின் கழுத்து வலிக்கும் அதிலேயே பார்த்துவிடலாம் என்கிறார்கள். போகலாமா?

பதில்: நீங்கள் போகலாம், சகோதரி. ஆனால் முன்பணம் கட்ட வேண்டாம். மாமியாரை அழைத்துச் செல்லவும் வேண்டாம்.

ஆஸ்டியோபதி, ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற அமெரிக்க மருத்துவர் 1874-இல் தொடங்கிய முறை. தசைகளையும் மூட்டுகளையும் கையால் அழுத்தி, இழுத்து, அசைத்து இறுக்கத்தைத் தளர்த்துவார்கள். பாவு நூல் சுற்றிய பீம் தூக்குவதாலும் மணிக்கணக்கில் தறியருகே நின்று குனிவதாலும் வரும் இடுப்பு வலிக்கு இதில் ஓரளவு பலன் உண்டு; முறையான உடற்பயிற்சி தருவதைவிட அதிகம் என்று சொல்வதற்கில்லை. வலி தணிந்திருக்கும் நாள்களில் நடையையும் பயிற்சியையும் தொடங்குபவருக்கே அந்தப் பலன் நிலைக்கிறது.

டிஸ்க் விலகிய கதையை நம்பாதீர்கள். முதுகெலும்புகளுக்கு நடுவே இரு பக்கமும் இறுக ஒட்டியிருக்கும் டிஸ்க் புடைக்கலாம், கிழியலாம். அதை யாரும் கையால் தள்ளிப் பழைய இடத்தில் வைக்க முடியாது. அழுத்தும்போது கேட்கும் சத்தம், விரலில் சொடக்கு எடுக்கும்போது கேட்பதுதான். மூட்டு நீரில் வாயுக்குமிழி உண்டாவதால் வருவது. எம்.ஆர்.ஐ. எடுத்தால், வலியே இல்லாத நாற்பது வயதுக்காரர்களிலும் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு டிஸ்க் புடைப்பு தெரியும். புடைப்பு தெரிவதாலேயே வலிக்கு அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. ஆகவே ‘இந்த சென்டரில்தான் ஸ்கேன் எடுக்க வேண்டும்’ என்று யாராவது வற்புறுத்தினால், அவர் எழுதித் தரும் ஸ்கேன் சீட்டில் உங்கள் முதுகைவிட அவருடைய கமிஷனே முக்கியம் என்று கொள்ளுங்கள்.

பத்து முறை என்பதும் அப்படித்தான். மூன்று, நான்கு முறைக்குள் எந்த மாற்றமும் தெரியாவிட்டால் நிறுத்திவிட வேண்டிய சிகிச்சைக்கு, மொத்தப் பணத்தையும் முதல் நாளே வாங்குவது நீங்கள் நிறுத்திவிடக் கூடாது என்பதற்காகவே. ஒவ்வொரு முறைக்கும் தனித்தனியே பணம் கொடுத்து ரசீது வாங்குங்கள். சிகிச்சை தருபவர் பல ஆண்டு படித்து பிசியோதெரபி பட்டம் பெற்றவரா, வார இறுதிப் பயிற்சிச் சான்றிதழை மாட்டி வைத்திருப்பவரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். தமிழ்நாட்டின் 1997-ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி கிளினிக்குக்குப் பதிவுச் சான்று இருக்க வேண்டும். அதைச் சரிபார்க்கும் வேலையையும் நோயாளியின் தலையிலேயே கட்டியிருக்கிறார்கள். மில் தொழிலாளிக்காவது இ.எஸ்.ஐ. உண்டு; வீட்டுத் தறிக்காரருக்கு அதுவும் இல்லை. முதுகில் கத்தி வைத்தால் பணம் தரும் காப்பீடு, கத்தியைத் தவிர்க்கும் பயிற்சிக்குத் தருவதில்லை என்றால் முன்பணக்காரர்கள் பெருகத்தானே செய்வார்கள்?

மாமியார் விஷயத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் ஆன பெண்களுக்கு எலும்பு மெலிந்திருக்க வாய்ப்பு அதிகம். வீசிங்குக்கோ மூட்டு வலிக்கோ நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டிருந்தால் இன்னும் அதிகம். கடையில் பெயர் தெரியாமல் வாங்கிய வலி மாத்திரையிலும், நாட்டு மருந்து என்று கொடுத்த பொடியிலும் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்பதால், ‘நான் எதுவும் சாப்பிடவில்லை’ என்று அவர் சொல்வதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். அத்தகைய எலும்பில் திடீரென்று விசையோடு அழுத்தினால் விலாவோ முதுகெலும்போ முறியக்கூடும். கழுத்தை வெடுக்கென்று திருப்பும்போது மூளைக்குப் போகும் இரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வருவது அரிதுதான். இலவச இணைப்பாகக் கிடைக்கும் சிகிச்சைக்காக அந்த அபாயத்தை ஏற்க வேண்டியதில்லை. முதலில் எலும்பு மருத்துவர் பார்த்து, தேவையானால் எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்யட்டும். அதன் பிறகும் கழுத்தை விசையோடு திருப்பும் முறை அவருக்கு வேண்டாம்.

உங்களுக்கும் காய்ச்சல், உடல் மெலிதல், படுத்தாலும் குறையாத இரவு வலி இருந்தால், காசநோய் முதுகெலும்பையும் தாக்கும் என்பதால், கிளினிக்குக்கு முன் மருத்துவரைப் பாருங்கள். கால் பலமிழந்தாலோ, சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, தொடைகளின் உட்புறமும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போனாலோ, அன்றைக்கே திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் சென்றுவிடுங்கள்.