நாடே பாடும் பாட்டு: பாடியவருக்குப் பங்கு உண்டா?

கேள்வி: யோகோஹாமாவில் வசிக்கிறோம். சென்ற ஆண்டு என் மனைவி ஒரு ஸ்டுடியோவின் குழந்தைகள் வீடியோவுக்காக ஜப்பானிய மொழியில் ஒரு பாட்டுப் பாடினாள். 30,000 யென் கொடுத்தார்கள். கையெழுத்து எதுவும் இல்லை, பேசியதெல்லாம் ‘லைன்’ என்ற செய்திச் செயலியில்தான். இன்று ஊரெல்லாம் அந்தப் பாட்டு. சிடியும் வந்துவிட்டது. பங்கு கேட்கலாமா?

பதில்: கேட்கலாம். ஆனால் “பாட்டு ஹிட் ஆகிவிட்டது” என்ற காரணத்தைச் சொல்லிக் கேட்காதீர்கள். 1975 டிசம்பரில் வந்த ‘ஒயோகே! தாய்யாகி குன்’ குழந்தைப் பாட்டைப் பாடிய ஷிமோன் மசாதோவுக்குக் கிடைத்தது 50,000 யென். இசைத்தட்டு விற்றதோ 45 லட்சத்துக்கும் மேல். ஒரே தடவைச் சம்பளத்துக்குச் சம்மதித்ததால் விற்பனையில் அவருக்குப் பங்கில்லை. எதிர்பாராத வெற்றிக்குக் கூடுதல் பணம் கேட்கும் உரிமை ஜெர்மனியில் சட்டத்திலேயே உண்டு, ஜப்பானில் கிடையாது.

உங்களுக்குள்ள பிடி வேறு. ஜப்பானியப் பதிப்புரிமைச் சட்டத்தில் பாடகருக்கென்று தனி உரிமை இருக்கிறது. பாடிய ஆண்டு முடிந்து 70 ஆண்டு வரை நிற்கும். வீடியோவில் பதிவாகச் சம்மதித்தவர், அந்த வீடியோவைப் பிரதி எடுப்பதைப் பிறகு தடுக்க முடியாது. அதிலிருந்து குரலை மட்டும் பிரித்து சிடியாகப் போட்டால் கதை வேறு. அதற்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டும் (91-ஆம் பிரிவு).

ஆகவே லைன் உரையாடலைத் தேடுங்கள். உரிமையை மாற்றிக்கொடுக்க ஜப்பானில் கையெழுத்து அவசியமில்லை. “எல்லா உரிமையும் சேர்த்து” என்று அவர்கள் எழுதி, இவர் “சரி” என்றிருந்தால் வழக்கு மிகவும் பலவீனம். “வீடியோவுக்கு” என்று மட்டும் இருந்தால் சிடிக்கு நியாயமான பேரம் பேசலாம். சிடி வானொலி, டிவியில் ஒலித்தால் பாடகருக்கும் ஒரு தொகை உண்டு. அது கெய்தான்கியோ என்ற கலைஞர் அமைப்பு வழியாக வரும்.

ஒன்று கவனியுங்கள். மனைவி குடும்ப விசாவில் இருக்கிறார் என்றால், சம்பாதிக்கத் தனி அனுமதி வாங்கியிருந்தாரா, இந்த வேலைக்கு அது தேவையா என்று முதலில் பார்த்துவிடுங்கள். நோட்டீஸ் அனுப்பிய பிறகு அந்தக் கேள்வி எதிர்த்தரப்பிலிருந்து வந்தால் சங்கடம்.

2024 நவம்பர் முதல் தேதிக்குப் பிறகு பேசி முடித்த வேலையா? தனியாகத் தொழில் செய்பவர்களுக்கான புதிய சட்டப்படி, நிபந்தனைகளை எழுத்தில் கொடுப்பது ஸ்டுடியோவின் கடமை. கொடுக்காதது அவர்கள் தவறு. அந்தச் சட்டம் உங்கள் மனைவிக்குப் பொருந்துமா என்பதை ‘ஃப்ரீலான்ஸ் டிரபிள் 110’ உதவி எண்ணில் இலவசமாகக் கேட்கலாம். ஜப்பானியம் நன்றாகத் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.