விளங்காத மொழியில் எழுதிய முறைப்பாட்டில் கையொப்பம் வைத்துவிட்டேன். இனி என்ன செய்வது?

கேள்வி: நான் மலையகத்தின் ஹட்டனிலிருந்து வந்து கொழும்பு புறக்கோட்டையில் ஒரு புடைவைக் கடையில் வேலை செய்கிறேன். கொட்டாஞ்சேனையில் வாடகை அறை. வீட்டுக்காரர் என் சாமான்களை வெளியே போட்டுவிட்டார், முற்பணத்தையும் தரவில்லை. பொலிஸில் சொன்னேன். சிங்களத்தில் எழுதிக் கையொப்பம் கேட்டார்கள். தமிழில் வாசித்துக் காட்டச் சொன்னதற்கு, "தோட்டத்து ஆட்களுக்கு இதெல்லாம் எதற்கு" என்று சிரித்தார்கள். ஒரு கிழமை கழித்துப் போனால், "நீங்கள் சமாதானமாகிக் கையொப்பம் வைத்த விஷயம்தானே" என்கிறார்கள். 18 நாட்களாகிவிட்டன. ஏதாவது செய்யலாமா?

செய்யலாம், சகோதரி. ஆனால் நாள் குறைவு. அடிப்படை உரிமையோ மொழி உரிமையோ மீறப்பட்டால், இலங்கை அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போகவேண்டும். உங்களுக்கு மிச்சம் ஏறத்தாழ 12 நாட்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவில் அந்த ஒரு மாதத்துக்குள் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் இந்தக் கணக்கில் சேராது. அந்த ஆணைக்குழுவை அமைத்த 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. அதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். விசாரணை உண்மையிலேயே நடந்ததா என்று நீதிமன்றம் சில வழக்குகளில் கேட்டிருக்கிறது. ஆணைக்குழு தரும் இலக்கத்தையும் அனுப்பும் கடிதங்களையும் ஒன்றுவிடாமல் பத்திரப்படுத்துங்கள். அவர்களின் அவசரத் தொலைபேசி இலக்கம் 1996.

நாளைக்கே புதுக்கடைக்குப் போங்கள். அங்கே நீதிமன்ற வளாகத்தில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக உதவுவார்கள். கடையில் அரை நாள் சம்பளம் போனாலும் போங்கள்.

இனி அந்தக் கையொப்பம். உங்கள் மனதை அரிப்பது அதுதான் என்று தெரிகிறது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவு, குற்றம் பற்றி வாயால் சொல்லும் தகவலைச் சொன்ன மொழியிலேயே எழுதவேண்டும் என்கிறது. முடியாவிட்டால் உங்களையே எழுதித் தரக் கேட்கவேண்டும். அதுவும் இயலாதபோதுதான், காரணத்தைப் பதிந்துவிட்டு வேறு தேசிய மொழியில் எழுதலாம். அப்போதும் உங்களுக்கு விளங்கும் மொழியில் சொல்லிக் காட்டிய பிறகுதான் கையொப்பம். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி, சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள இடத்திலும் நீங்கள் அதிகாரியுடன் தமிழில் அலுவல் பார்க்கலாம். ஆக, தமிழில் கேட்டது உங்கள் உரிமை. சிரித்தவர்தான் கடமை தவறினார்.

முறைப்பாட்டின் உறுதிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பித்து வாங்குங்கள். கட்டணம் சிறிதுதான். பிறகு தமிழிலேயே ஒரு கடிதம் எழுதுங்கள்: எந்தத் திகதி, எத்தனை மணி, யார் எழுதினார், என்ன சொன்னார், நீங்கள் வாய்விட்டுச் சொன்னது எது, எழுதப்பட்டிருப்பது எது. அதைத் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தபால் பற்றுச்சீட்டைக் கடிதத்தின் பிரதியோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். மொழி மறுக்கப்பட்டதற்குத் தனியாக அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிலும் முறையிடலாம். அது 1991ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்தது. முற்பண விவகாரத்தை, தகராறுகளைப் பேசித் தீர்த்துவைக்கும் மத்தியஸ்த சபையில் வையுங்கள். வீட்டுக்காரர் அரச அதிகாரி அல்லாத தனியாள் என்பதால் 126ஆம் உறுப்புரை அவரைப் பிடிக்காது, பொலிஸைத்தான் பிடிக்கும்.

அடுத்த முறை எந்த அலுவலகத்திலும் வாசிக்கத் தெரியாத தாளை நீட்டினால் கையொப்பம் வைக்கமாட்டேன் என்று சொல்லுங்கள். சொல்ல முடியாத நிலை என்றால், கையொப்பத்துக்கு மேலே உங்கள் கையாலேயே, "எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. இது எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்படவில்லை" என்று எழுதிவிட்டு வையுங்கள். இந்த இரண்டு வரியும் பிறகு பெரிய சாட்சி. பதட்டத்தில் நினைவு வராது. அதனால் இன்றே ஒரு கடதாசியில் எழுதி அடையாள அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

நீதிமன்றம் நம்மைப் போன்றவர்களுக்கு இல்லை என்று பலர் சொல்வார்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜ்களில் இருந்த தமிழர்களைப் பொலிஸ் பஸ்களில் ஏற்றி ஊருக்கு அனுப்பியது. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் என்ற அமைப்பு மனுப் போட்டது. மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. யாரோ ஒருவர் உடனே ஓடிப்போய் மனுப் போட்டதால்தான் அது நடந்தது.

"தோட்டத்து ஆட்கள்" என்ற பேச்சைப் பொலிஸிடம் மட்டும் நான் கேட்கவில்லை. வெள்ளவத்தையில் வீட்டுத் தரகர் வாயிலும், நம் சொந்தபந்தங்களின் வாயிலும் கேட்டிருக்கிறேன், தமிழிலேயே. கேட்கும்போதெல்லாம் கூசிப்போகிறது. சட்டத்தின் முன் அதற்கு ஒரு பெறுமதியும் கிடையாது. இனம், மொழி, சாதி, பிறந்த இடம் எதை வைத்தும் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது 12(2)ஆம் உறுப்புரை. கடிதத்தில் அந்தப் பேச்சை அவர் சொன்னபடியே, ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுங்கள். வெட்கப்பட்டு விட்டுவிடாதீர்கள்.