மேனேஜர் ஏன் உங்களுக்குப் போன் செய்தார்?

கேள்வி: என் மகனுக்கு 26 வயது. ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்து அணி ஒன்றில் டிஃபெண்டராக ஆடுகிறான். பல மாதமாகச் சம்பளம் ஒழுங்காக வரவில்லை. இப்போது ஆட்டங்கள் குறைந்துவிட்டன என்று சொல்லி, ஒப்பந்தச் சம்பளத்தில் பாதியை விட்டுக்கொடுப்பதாக ஆளுக்கொரு தாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள். யாரும் தனியாகப் போடுவதில்லை, எல்லோரும் சேர்ந்து ஒரு யோசனை எழுதிக் கொடுப்போம் என்று டீம் பையன்கள் பேசி வைத்திருக்கிறார்கள். கிளப் மேனேஜர் எனக்கே போன் செய்தார். நல்ல மனிதர், 'அப்பா' என்றுதான் கூப்பிட்டார். "உங்கள் மகன் முதலில் போட்டால் மற்றவர்களும் போட்டுவிடுவார்கள். அவனுக்கு மட்டும் மீதியைப் பிறகு தனியாகக் கொடுத்துவிடுகிறோம்" என்றார். மே மாதம் மகளுக்குக் கல்யாணம், ஐம்பது பவுன் பேசியிருக்கிறோம். அதனால் போடச் சொன்னேன். அன்றிலிருந்து அவன் என் போனை எடுப்பதில்லை. வள்ளத்தில் பங்குக்குப் போய் வளர்த்த பிள்ளை. பெற்றவனைவிட டீம் பையன்கள் பெரிதா? அவனுக்குப் புத்தி சொல்லுங்கள்.
- ஒரு தகப்பன், குமரி மாவட்டக் கடற்கரை

பதில்: அண்ணே, உங்கள் மகனுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. உங்களிடம்தான் கொஞ்சம் பேச வேண்டும்.

அந்த மேனேஜருக்கு உங்கள் எண் எப்படிக் கிடைத்தது என்று யோசித்தீர்களா? கிளப்பில் சேரும்போது ஒரு படிவம் தருவார்கள். ஆடும்போது காலோ தலையோ உடைந்தால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று அதில் ஓர் இடம் இருக்கும். உங்கள் மகன் அங்கே அப்பா பெயரையும் எண்ணையும் எழுதியிருப்பான். ஆஸ்பத்திரி அவசரத்துக்குக் கொடுத்த எண் அது. அதை எடுத்துச் சம்பளம் வெட்டும் வேலைக்குப் பயன்படுத்தியிருக்கிறார் அந்த நல்ல மனிதர்.

சம்பளம் வாங்குகிறவன் 26 வயது ஆண்பிள்ளை. ஒப்பந்தத்தில் இருப்பது அவன் கையெழுத்து. பேச வேண்டிய விஷயம் என்றால் அவனிடம் பேசலாம், அல்லது கேப்டனைக் கூப்பிட்டுப் பேசலாம். அங்கே பேசிப் பார்த்து நடக்கவில்லை, அதனால்தான் உங்களிடம் வந்திருக்கிறார்கள். வீட்டில் கல்யாணம் வைத்திருக்கிற தகப்பன் எங்கே இளகுவார் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. 'அப்பா' என்று ஒரு வார்த்தை, நீங்களும் போய் மகன் கழுத்தில் கையை வைத்துவிட்டீர்கள். அவன் ஏன் போனை எடுக்கவில்லை என்று எனக்குப் புரிகிறது. உங்களுக்கும் புரிந்திருக்க வேண்டும்.

சரி, அவர் என்ன வாக்குக் கொடுத்தார் என்று பார்ப்போம். தாளில் பாதிச் சம்பளம், மீதி பிறகு தனியாக. இது அவர் கண்டுபிடித்த வித்தை இல்லை. 2020 மார்ச்சில், கொரோனா தொடங்கிய நேரத்தில், இத்தாலியின் ஜுவென்டஸ் கிளப் தன் வீரர்கள் நான்கு மாதச் சம்பளத்தை விட்டுக்கொடுத்ததாக அறிவித்தது. ஊரே கைதட்டியது. அதில் பெரும்பகுதியைப் பிறகு தந்துவிடுவதாக வீரர்களோடு உள்ளுக்குள் ஏற்பாடு இருந்தது என்று டூரின் நகர அரசு வழக்கறிஞர்களின் விசாரணையில் பின்னால் வெளிவந்தது. 2022 நவம்பரில் கிளப்பின் நிர்வாகக் குழு மொத்தமாக ராஜினாமா செய்தது. 2023 மே மாதம் இந்தச் சம்பள விவகாரத்துக்காக 7 லட்சத்து 18 ஆயிரம் யூரோ அபராதம். அங்கே ஆடிய கிறிஸ்டியானோ ரொனால்டோ தனக்குச் சுமார் 1 கோடியே 95 லட்சம் யூரோ பாக்கி என்று நடுவர் மன்றத்துக்குப் போக வேண்டி வந்தது. 2024 ஏப்ரலில் தீர்ப்பு வந்தபோது கிடைத்தது கேட்டதில் பாதி.

உலகத்துக்கே தெரிந்த ஆட்டக்காரர், கூடவே ஒரு வக்கீல் படை. அவர் கதையே இப்படி. உங்கள் கையில் இருப்பது ஒரு போன் பேச்சு. மேனேஜர் நாளை வேறு கிளப்புக்குப் போய்விட்டால் அந்த வாக்கை யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். உலகக் கால்பந்தை நிர்வகிக்கும் ஃபிஃபாவின் விதிப்படி இரண்டு மாதச் சம்பளம் பாக்கி இருந்தால், வீரர் கிளப்புக்கு எழுத்தில் 15 நாள் கெடு கொடுக்கலாம். அதற்குள் பணம் வராவிட்டால் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வெளியேற அவருக்கு நியாயமான காரணம் உண்டு. உங்கள் மகன் கையில் இருக்கிற பெரிய பிடி இது. பாதி போதும் என்று கையெழுத்து விழுந்த நிமிடம் மீதிப் பாதி பாக்கி என்ற கணக்கிலேயே வராது. பிடி போய்விடும். ஆளுக்கொரு தாளாக, அவசரமாக, ஏன் கேட்கிறார்கள் என்று இப்போது தெரிகிறதா?

கிளப்காரர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நெருக்கடி நிஜம்தான். இந்தியக் கால்பந்தின் வணிக உரிமையை (ஐ.எஸ்.எல். பின்னால் நடந்ததும் இதன் கீழ்தான்) அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் 2010-இல் 15 ஆண்டுக்கு, 700 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டுக் கொடுத்தது. 2025 டிசம்பரில் அது முடிந்தது. முடிவதற்கு முன்பே புதுப்பிக்க அத்தனை ஆண்டு கையில் இருந்தும் யாரும் செய்யவில்லை. அந்த ஜூலையிலேயே லீகை நடத்தும் நிறுவனம் அடுத்த சீசனை நிறுத்தி வைத்தது. சில கிளப்கள் சம்பளத்தை நிறுத்தின. அந்த உரிமைக்கு டெண்டர் விட்டார்கள், ஒருவரும் கேட்டு வரவில்லை. கடைசியில் 2026 பிப்ரவரி 14-இல் 14 அணிகள், மொத்தம் 91 ஆட்டங்கள், ஒருவரோடு ஒருவர் ஒரு முறை மட்டும் என்று சுருக்கித் தொடங்கினார்கள். டிக்கெட்டும் விளம்பரமும் குறையத்தான் செய்யும். இங்கே கிளப் நடத்திக் காசு பார்த்தவர்கள் அரிது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டது உங்கள் மகனா? மேலே உட்கார்ந்தவர்கள் தூங்கியதற்கு அவன் ஏன் பாதியைக் கொடுக்க வேண்டும்?

நீங்கள் பங்குக்குக் கடலுக்குப் போனவர். வள்ளத்துக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, மீதி ஆட்களுக்கு. மீன் படவில்லை என்றால் பங்கும் இல்லை, அதில் சண்டை வராது. ஏன் வராது? ஏலம் உங்கள் எல்லோர் கண் முன்னால் நடக்கிறது. மீனைக் கரையில் காட்டாமலே "இன்றைக்குப் பாடு சரியில்லை, பாதி வாங்கிக்கொள்" என்று வள்ளக்காரர் சொன்னால் வாங்கியிருப்பீர்களா? அதுவும் உங்களிடம் சொல்லாமல், வீட்டுக்குப் போய் உங்கள் அப்பாவிடம் சொன்னால்?

பையன்கள் சேர்ந்து எழுதப்போகும் யோசனைதான் இதற்கு வழி. அதை நீங்கள் பிள்ளை விளையாட்டு என்று நினைக்கிறீர்கள் போல. முதலில் அவர்கள் கேட்க வேண்டியது வரவு செலவுக் கணக்கு. கணக்கைப் பார்க்காமல் ஒரு ரூபாயும் விடக் கூடாது. பார்த்த பிறகு கிளப்புக்கு உண்மையிலேயே முடியவில்லை என்றால், வெட்டுவதற்குப் பதில் தள்ளிவைக்கச் சொல்லலாம். இன்ன தேதியில் இவ்வளவு, தவறினால் அன்றே வீரர் விலகிப் போகலாம், அவர் வேறு கிளப்புக்கு மாறுவதற்குக் கிளப் கட்டணம் கேட்கக் கூடாது என்று எழுதி வாங்கிவிட்டால் அது வேறு விஷயம். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றாலும் எல்லோருக்கும் ஒரே பாதி என்பது அநியாயம். வெளிநாட்டு ஆட்டக்காரரின் பாதியும், அகாடமியிலிருந்து இப்போதுதான் மேலே வந்த பத்தொன்பது வயதுப் பையனின் பாதியும் ஒன்றா? மேலே இருப்பவர் கூடக் கொடுக்கட்டும், கீழே ஒரு தொகைக்குள் இருப்பவனைத் தொடாமல் விடட்டும். கிளப் கை மாறினாலோ புதிய ஸ்பான்சர் வந்தாலோ வெட்டியது திரும்ப வர வேண்டும் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். உடை துவைப்பவரையும் மசாஜ் செய்பவரையும் மறக்காமல் இருந்தால் இன்னும் நல்லது. 2020-இல் பார்சிலோனா வீரர்கள் 70 சதவீதம் குறைத்துக்கொண்டார்கள். மற்ற ஊழியர்களுக்கு முழுச் சம்பளம் கிடைக்கும்படி மேலே கொஞ்சம் போட்டும் கொடுத்தார்கள். அதை அவர்களே சேர்ந்து முடிவு செய்தார்கள், யார் அப்பாவுக்கும் போன் போகவில்லை.

டீம் பையன்கள் பெரிதா என்று கேட்டிருக்கிறீர்கள். 2011 ஆகஸ்டில் ஸ்பெயினில் இருநூறுக்கும் மேற்பட்ட வீரர்களுக்குச் சுமார் 5 கோடி யூரோ சம்பளப் பாக்கி. வேலைநிறுத்தம் அறிவித்த மேடையில் காசியாஸும் புயோலும் நின்றார்கள். ஒருவர் ரியல் மாட்ரிட் கேப்டன், இன்னொருவர் பார்சிலோனா கேப்டன். இவர்களுக்குச் சம்பளப் பிரச்சினை எதுவும் இல்லை. சின்ன கிளப் வீரர்களுக்காக நின்றார்கள். சீசனின் முதல் சுற்று நடக்கவில்லை. அடுத்த சுற்றுக்குள் சம்பளத்துக்கு உத்தரவாத நிதி என்று லீக் இறங்கி வந்தது. இவர்களில் ஒருவரைத் தனியாகப் பிரித்திருந்தால் அது நடந்திருக்குமா?

உங்கள் மகன் முதலில் போட்டால் மற்றவர்களும் போட்டுவிடுவார்கள் என்று மேனேஜரே சொல்லிவிட்டார். அப்படியென்றால் அந்த அறையில் பையன்கள் மதிக்கிற ஆள் உங்கள் மகன். அந்த மரியாதையைத்தான் விலைக்குக் கேட்கிறார்கள். அவன் விற்கவில்லை. வளர்த்த உங்களுக்கு அது பெருமையாகத் தோன்றவில்லையா, அண்ணே?

இனிக் கல்யாண விஷயத்துக்கு வருகிறேன். ஐம்பது பவுன் பேசியது யார்? நீங்கள். சம்பளம் பல மாதமாக ஒழுங்கில்லை என்று தெரிந்த பிறகா, முன்பா? முன்பு என்றாலும் போய்த் திருத்திப் பேசியிருக்கலாம். தங்கைக்கு அண்ணன் செய்ய வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது. செய்யாத அண்ணனை நானே இதே பக்கத்தில் திட்டியிருக்கிறேன். ஆனால் தன்னால் முடிந்ததைச் செய்வது அண்ணன் கடமை. அவனைக் கேட்காமல் அவன் தலையில் பவுன் கணக்கை வைப்பது தகப்பன் கடமையில் எங்கேயும் வராது. இவ்வளவு நகை கேட்கிற வீட்டைப் பற்றியும் எனக்கு நல்ல எண்ணம் இல்லை, அதை இன்னொரு நாள் பேசலாம்.

இப்போது செய்ய வேண்டியது. மகனுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்கள். கையெழுத்தைப் பற்றி இனி கேட்க மாட்டேன், உன் முடிவு உன்னோடு என்று சொல்லுங்கள். மேனேஜர் போனில் என்ன சொன்னார் என்பதையும் ஒரு வார்த்தை விடாமல் சொல்லிவிடுங்கள். உங்களுக்கு மட்டும் இந்த அழைப்பு வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. இன்னும் இரண்டு வீட்டுக்காவது இதே வாக்கு போயிருக்கும், அது பையன்களுக்குத் தெரிய வேண்டும். இந்தியக் கால்பந்து வீரர்கள் சங்கம் என்று ஒன்று 2006 முதல் இருக்கிறது, பைச்சுங் பூட்டியா முதல் தலைவராக இருந்த சங்கம். கையெழுத்துக் கேட்ட தாளையும் பழைய ஒப்பந்தத்தையும் அவர்களிடமும் ஒரு வக்கீலிடமும் காட்டச் சொல்லுங்கள்.

மேனேஜர் மறுபடி கூப்பிட்டால், "எழுதிக் கொடுங்க தம்பி, டீம் முழுக்கச் சேர்த்து எழுதிக் கொடுங்க" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிடுங்கள். அப்புறம் சட்டையை மாட்டிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குக் கிளம்புங்கள், மே மாதத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது.