பிள்ளைகளின் வாய்ப்பும் பெற்றோரின் நம்பிக்கையும்: கேள்வி பதில்

கேள்வி: எனக்குக் கணக்கு சுத்தமாக வராது. ஆனாலும் தினமும் மகளை உட்காரவைத்துச் சொல்லித்தருகிறேன். நல்லதுதானே?

பதில்: பக்கத்தில் உட்காருவது நல்லதுதான். அப்போது என்ன பேசுகிறீர்கள் என்பதில்தான் சிக்கல். 2015-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கணக்கு என்றாலே பயப்படும் பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்துக்கு உதவியபோது, பிள்ளைகள் அந்த ஆண்டில் கணக்கைக் குறைவாகவே கற்றார்கள், பயமும் தொற்றிக்கொண்டது. அதே பயம் இருந்தும் அவ்வளவாக உதவாத பெற்றோரின் பிள்ளைகளிடம் இது தெரியவில்லை. 42-லிருந்து 17-ஐக் கழிக்கத் தெரியாமல் அவள் விழிக்கிறாள் என்று வையுங்கள். ரப்பரைப் பிடுங்கி அழித்துவிட்டு, "நமக்கெல்லாம் இது வராதும்மா" என்று நீங்களே விடை எழுதினால், கழித்தலைவிட அந்த "நமக்கெல்லாம்" தான் அவள் மனதில் நிற்கும். பேசாமல் அவளையே உங்களுக்குப் பாடம் எடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: "நீ புத்திசாலி" என்று பாராட்டக் கூடாதாமே?

பதில்: ஒருமுறை சொன்னதால் குடிமுழுகாது. 1998-ல் முல்லர், டுவெக் என்ற இரண்டு உளவியலாளர்கள் வெளியிட்ட சோதனைகளில், புத்தியைப் பாராட்டப்பட்ட பிள்ளைகள் கடினமான புதிர்களில் தோற்ற பிறகு சோர்ந்துபோனார்கள். வாங்கிய மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம். உழைப்பைப் பாராட்டப்பட்டவர்கள் தாக்குப்பிடித்தார்கள். அதற்காக இதையே மந்திரமாக்கி விற்கும் பயிற்சி வகுப்புகளுக்குப் பணம் கட்டாதீர்கள்.

கேள்வி: எங்களுக்கு வசதி கிடையாது. நம்பிக்கை மட்டும் வைத்து என்ன ஆகப்போகிறது?

பதில்: வெறும் நம்பிக்கையால் ஒன்றும் ஆகாது. 1980-களில் ஜமைக்காவில், வளர்ச்சி குன்றிய ஏழைக் குழந்தைகளின் வீட்டுக்குச் சுகாதாரப் பணியாளர்கள் 2 ஆண்டுகள் வாராவாரம் போனார்கள். குழந்தையோடு எப்படிப் பேசி விளையாடுவது என்று தாய்மார்களுக்குக் காட்டிக்கொடுத்தார்கள். சுமார் 20 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அந்தக் குழந்தைகளின் சம்பாத்தியம், அந்த உதவி கிடைக்காதவர்களுடையதைவிட 25 சதவீதம் அதிகம். அந்தத் தாய்மார்களிடம் பாசத்துக்கு முன்பும் குறைவிருந்திருக்காது. வாராவாரம் கூட வந்து நிற்க ஒரு ஆள்தான் இல்லை. அப்படி ஏதாவது திட்டம் உங்கள் பகுதியில் இருந்தால் கூச்சப்படாமல் சேருங்கள்.

கேள்வி: அப்படியானால் பிள்ளை தேறாவிட்டால் பழி பெற்றோர் மேல்தானா?

பதில்: இல்லவே இல்லை. அமெரிக்காவில் 1990-களில் ஏழைக் குடும்பங்களுக்குக் குலுக்கல் முறையில் வாடகை உதவி கொடுத்து, வறுமை குறைந்த பகுதிகளுக்குக் குடிபோக வழி செய்தார்கள். 13 வயதுக்கு முன்பே அப்படிப் போன பிள்ளைகள், வளர்ந்த பிறகு சுமார் 31 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். பெற்றோர் அதே பெற்றோர்தான், மாறியது குடியிருந்த இடம்.

கேள்வி: என் மகனுக்கு 15 ஆகிவிட்டது. இனி என்ன செய்வது?

பதில்: இப்போது சொன்ன ஆய்வில் 13 தாண்டியவர்களுக்குப் பலன் தெரியவில்லை என்று நீங்களே படித்துவிட்டுப் பயப்பட வேண்டாம். அது வீடு மாறுவதைப் பற்றியது. உங்கள் வீட்டில் அடுத்து வரப்போவது பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும் வேலை. விண்ணப்பத்தை அவனே நிரப்பட்டும். ஏன் இதை எடுத்தான் என்று மட்டும் கேளுங்கள்; பதில் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.