சினைச் சுண்டெலிக்குப் புழுத்தொற்று: குட்டிகள் குறைய அதுதான் காரணமா?

கேள்வி: கருவுற்ற ஸ்விஸ் ஆல்பினோ சுண்டெலிகளின் நோயெதிர்ப்பாற்றலை ஆராயும் மாணவி நான். ஓர் ஈற்றுக்குப் பத்துக்கு மேல் இருந்த குட்டிகள் சில மாதங்களாக ஆறேழாகக் குறைந்துவிட்டன. மலவாயில் செலோடேப் ஒட்டி எடுத்துப் பார்த்தபோது புழு முட்டைகள் தெரிந்தன. சினை எலிகளுக்கு மருந்து கொடுக்கலாமா? இதுவரை எடுத்த தரவுகள் செல்லுமா?

பதில்: செலோடேப்பில் சிக்கியது பெரும்பாலும் சைபேசியா ஒப்வெலாட்டா என்ற ஊசிப்புழுவாக இருக்கும், மலவாயில் முட்டையிடுவது அதன் வழக்கம். இன்னோர் ஊசிப்புழுவான அஸ்பிகுலூரிஸ் டெட்ராப்டெரா அங்கே முட்டையிடாது. அதைப் பிடிக்க, புழுக்கையை அடர்ந்த உப்புக் கரைசலில் கரைத்து மிதக்கும் முட்டைகளைத் தேட வேண்டும். இரண்டும் ஒன்றாகவே குடியிருக்கலாம் என்பதால் இரண்டு சோதனைகளையும் செய்யுங்கள்.

ஆனால் ஈற்றின் அளவு குறைந்ததற்கு ஊசிப்புழுவை உடனே குற்றவாளியாக்க மாட்டேன். மிதமான தொற்றுள்ள தாய் எலிகள் வெளிப்பார்வைக்கு நலமாகவே இருக்கும், ஈனவும் செய்யும். முதலில் வேறு இடங்களில் தேடுங்கள்: தாய்களின் வயது, தீவனத்தின் புரதம், அறையின் ஒளி நேரம், பக்கத்தில் நடக்கும் கட்டட வேலை. இணை சேர்ந்த சில நாட்களுக்குள் புதிய ஆண் எலியின் வாடை பட்டாலே கரு பதியாமல் போகலாம். 1959இல் ஹில்டா புரூஸ் கண்டறிந்தது இது. கூண்டு மாற்றும்போது பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

கர்ப்பத்தை உண்மையிலேயே பாதிக்கும் புழுக்களும் உண்டு. பெரும்பாலும் அவை ஆய்வுக்காக நாமே செலுத்துபவை. சுண்டெலியின் சிறுகுடலில் வாழும் ஹெலிக்மோசோமாய்ட்ஸ் பேக்கரி அவற்றுள் ஒன்று. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வில், இந்தத் தொற்றுள்ள தாயின் கருக்கள் நீளத்தில் குறைந்திருந்தன. புழு கருப்பைக்குள் போகவில்லை. குடல் அழற்சி, தாய் உண்ணும் அளவு, சத்து பங்கிடப்படும் விதம் ஆகியவற்றின் வழியாகவே கருவைத் தொடுகிறது. பற்றாக்குறை வரும்போது தாயின் உடல் கருவையும் பாலையும் முதலில் கவனிக்கும், நோயெதிர்ப்பைப் பின்னுக்குத் தள்ளும். நிப்போஸ்ட்ராங்கைலஸ் பிரேசிலியென்சிஸ் என்ற குடற்புழுவின் தொற்றுள்ள, பாலூட்டும் எலிகளில் இது தெளிவாகத் தெரிந்தது: புரதத்தைக் கூட்டினாலும், பாலூட்ட வேண்டிய குட்டிகளைக் குறைத்தாலும் புழுக்கள் குறைந்தன. ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் ராட்டி என்ற இன்னொரு குடற்புழு இன்னும் தந்திரசாலி. அதன் இளம்புழுக்கள் தாய்ப்பாலோடு குட்டிக்குப் போய்விடும்.

மருந்து விஷயத்தில் அவசரம் வேண்டாம். அல்பெண்டசோல் எலிகளின் கருவில் ஊனம் உண்டாக்கும் என்பதால் சினைக் கூண்டுகளில் அதற்கு இடமில்லை. ஐவர்மெக்டினும் சிக்கலானது: குட்டிகளின் மூளையைக் காக்கும் தடுப்பு பிறந்தபோது முதிர்ந்திருக்காது, சிஎஃப்-1 இனத்தில் அந்தத் தடுப்பே பழுதான எலிகள் உண்டு. நான் பரிந்துரைப்பது ஒரு கிலோ தீவனத்துக்கு 150 மில்லிகிராம் ஃபென்பெண்டசோல் கலந்த தீவனம். ஒரு வாரம் கொடுத்து ஒரு வாரம் நிறுத்தும் சுழற்சி. இனப்பெருக்கக் கூண்டுகளில் பலகாலமாகப் பயன்படுவது இது. ஆனாலும் ஆய்வின் நடுவில் உள்ள சினை எலிகளுக்குக் கொடுக்காதீர்கள். மருந்தும் நோயெதிர்ப்பு முடிவுகளைக் குழப்பலாம். அவற்றின் கெடு முடியட்டும், சுண்டெலிக்குச் சினைக்காலம் மூன்று வாரம்தானே. எதுவானாலும் உங்கள் விலங்கு நெறிமுறைக் குழுவுக்கும் கால்நடை மருத்துவருக்கும் முதலில் தெரிவியுங்கள்.

தீவனத்தை மட்டும் மாற்றிவிட்டுக் கூண்டைக் கழுவாமல் விட்டால் உழைப்பு வீண். சைபேசியா முட்டை சில மணி நேரத்தில் தொற்றும் நிலைக்கு வரும், தூசியோடு பறக்கும், ஆல்கஹாலுக்கு அசையாது. ஆட்டோகிளேவ் எனும் நீராவி அழுத்தக் கலத்தின் சூடுதான் அதற்கு எமன். படுக்கைத் தூளையும் தண்ணீர்ப் புட்டிகளையும் சேர்த்து வேக வையுங்கள்.

உங்கள் தரவுகளுக்கு வருகிறேன். உங்களை வருத்தப்பட வைப்பது இந்தப் பகுதிதான். ஊசிப்புழு தாயை வீழ்த்தாவிட்டாலும் தாயின் நோயெதிர்ப்பை டிஎச்2 பக்கம், அதாவது புழுக்களை எதிர்க்கும் வகை உதவி டி-செல்களின் பக்கம், சாய்க்கும். கர்ப்பமும் அதே பக்கம்தான் சாய்க்கிறது. எது புழுவின் வேலை, எது கருவின் வேலை என்று பிரிக்க இயலாது. 'ஒப்பீட்டுக் குழுவிலும் புழு இருந்தது, இரண்டும் கழிந்துவிடும்' என்று சிலர் சமாளிப்பார்கள். கழியாது. வயது, ஆணா பெண்ணா என்பது, கூண்டு இவற்றைப் பொறுத்துப் புழுச்சுமை மாறும். சைட்டோகைன் (நோயெதிர்ப்புச் செல்கள் சுரக்கும் சமிக்ஞைப் புரதம்), ஆன்டிபாடி அளவுகளைப் புழுவற்ற எலிகளில் மீண்டும் எடுங்கள். ஈற்று எண்ணிக்கை, குட்டி எடை போன்றவற்றைத் தொற்று இருந்த விவரத்தோடு ஆய்வேட்டில் வெளிப்படையாக எழுதிவிடலாம்.