செலரிக் கிழங்கு: விசிலை எண்ணாதீர்கள்

கப்பலில் பண்டாரியாக (சமையல்காரனாக) இருந்த காலத்தில் ஹாம்பர்க் துறைமுகத்தில் ஏற்றிய செலரிக் கிழங்கை (celeriac) பற்றி, அதன் வாசனையைச் சொல்லி, போன முறை ஒரே ஒரு வரி எழுதினேன். அதற்கு இத்தனை கடிதங்கள். பாதிப் பேர் கிழங்கைக் கண்ணால் பார்க்காமலேயே கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள்.

*உருளைக்கிழங்குக்குப் பதிலாகச் சர்க்கரைக்காரர் சாப்பிடலாமா? (பெரம்பூர்)*

சாப்பிடலாம். நூறு கிராம் உருளையில் மாவும் சர்க்கரையுமாகச் சுமார் 17 கிராம் இருக்கும், இதில் 9 கிராம்தான். அதற்காகச் சோற்றைக் குறைக்காமல் இதையும் தட்டு நிறைய வைத்துக்கொண்டால் கணக்கு எங்கே உதைக்கும் என்று உங்களுக்கே தெரியும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள், இதில் பொட்டாசியம் உண்டு.

*கருணை மாதிரி நாக்கு அரிக்குமா? புளித்தண்ணீரில் ஊறவைக்கணுமா? (வியாசர்பாடி)*

அரிக்காது. கருணையில் இருப்பது ஊசி ஊசியான கால்சியம் ஆக்சலேட். இது வேறு குடும்பம். கொத்தமல்லி, ஓமம், கேரட்டுக்குப் பங்காளி. புளி வேண்டாம். நறுக்கினதும் எலுமிச்சை பிழிந்த தண்ணீரில் போடுங்கள். இல்லாவிட்டால் வாழைக்காய் போலக் கறுத்துப்போகும்.

*பச்சையாக, வழவழப்பாக இருந்ததை வாங்கிச் சமைத்தேன். நீங்கள் சொன்ன வாசனை வரவே இல்லையே? (தண்டையார்பேட்டை)*

எப்படி வரும் தம்பி, நீங்கள் வாங்கியது நூக்கல். செலரிக் கிழங்கு மண்ணும் முடிச்சும் வேருமாக, பார்க்கவே அவலட்சணமாக இருக்கும். முகர்ந்தால் செலரி வாசனை அடிக்க வேண்டும். தோலைப் பீலரால் சீவ முடியாது. மேலும் கீழும் வெட்டித் தட்டையாக்கி, நிற்கவைத்துக் கத்தியால் இறக்குங்கள். நல்ல பங்கு கழிவாகப் போகும், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

*குக்கரில் எத்தனை விசில் வைக்க வேண்டும்? (கொருக்குப்பேட்டை)*

இதே கேள்வி ஏழு கடிதங்களில் வந்திருக்கிறது. முப்பது வருஷமாக எனக்கு எரிச்சல் மூட்டும் கேள்வியும் இதுதான். விசில் என்ன கடிகாரமா? உங்கள் குக்கர் மூன்று லிட்டர், பக்கத்து வீட்டு அக்காவுடையது ஐந்து. உங்கள் வெயிட்டுக்கு அடியில் பருப்பு நுரை அடைத்திருக்கும், அவர்கள் அடுப்புச் சுடர் பெரிதாக இருக்கும். உங்கள் மூன்று விசிலும் அவர்கள் மூன்று விசிலும் ஒன்றாகுமா?

அதை விடுங்கள். குக்கருக்குள் 120 டிகிரி வரை சூடு ஏறும். துவரம்பருப்புக்கும் ஆட்டுக்காலுக்கும் அது வேண்டும். செலரிக் கிழங்கில் மாவு குறைவு, தண்ணீர் அதிகம், விலையே வாசனைக்குத்தான். அந்த வாசனையைத்தான் நீங்கள் விசில் விசிலாக ஜன்னல் வழியே அனுப்புகிறீர்கள். உள்ளே மிஞ்சுவது நார்க்கஞ்சி. ஒரு கப்பலில் உதவிக்கு வந்த பையன் ஐந்து கிலோவைக் குக்கரில் ஏற்றிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். பாலும் மிளகும் சேர்த்து அதை சூப்பாக்கி ஒப்பேற்றினேன். அதிகாரிகள் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்தார்கள். அதை அந்தப் பையனிடம் இன்றுவரை நான் சொல்லவில்லை.

சரி, எப்படிச் செய்வது? கட்டைவிரல் அகலத் துண்டுகள். அடி கனமான பாத்திரம், ஒரு கரண்டி வெண்ணெய், உப்பு. தண்ணீர் வேண்டாம், இரண்டு கை தெளித்தால் போதும். மூடி போட்டுச் சின்னத் தீயில் இருபது நிமிஷம், நடுவில் இரண்டு முறை கிளறுங்கள். கத்தி முனை தடங்கலில்லாமல் இறங்கினால் வெந்துவிட்டது. மசிப்பதானால் பாதிக்குப் பாதி உருளை சேருங்கள், தனியாக மசித்தால் தண்ணீர் விட்டுக்கொள்ளும். மறுபடி சொல்கிறேன், விசிலை எண்ணாதீர்கள்.

*மீன் குழம்பில் போடலாமா? (ராயபுரம்)*

காசிமேட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? புளியும் மிளகாயும் கிழங்கின் வாசனையை விழுங்கிவிடும். கொடுவாத் தலை வாங்கி சூப் வைக்கும் நாளில் நாலு துண்டு போடுங்கள், அங்கே பொருந்தும். ஜெர்மன்காரர்கள் சூப்புக்கென்றே இந்தக் கிழங்குத் துண்டு, கேரட், லீக் (வெங்காய இனத்துத் தாள்) எல்லாம் சேர்த்துக் கட்டாக விற்பார்கள்.

*எங்கள் வீட்டில் கிழங்கு வகை சாப்பிடுவதில்லை. ஆனால் இது வேரே இல்லை, தண்டின் அடிப்பாகம் என்கிறார்களே? (சௌகார்பேட்டை)*

தாவர நூல்படி பெரும்பகுதி தண்டின் அடி பருத்ததுதான். அந்த வாதத்தை உங்கள் மாமியாரிடம் வைக்காதீர்கள் அம்மா, பிடுங்குவது மண்ணிலிருந்துதானே. செலரித் தண்டு வாங்குங்கள். வாசனை கிடைக்கும், சதைப்பற்றுதான் இருக்காது.

*மொட்டை மாடியில் வளருமா? (எண்ணூர்)*

நாற்று நட்டபின் நாலு மாதம் குளிர்ச்சி வேண்டும். எண்ணூர் வெயிலில் இலை வந்தாலே அதிர்ஷ்டம்.

*சாப்பிட்டதும் உதடும் தொண்டையும் நமநமவென்றது. சரியாக வேகவில்லையோ? (திருவொற்றியூர்)*

வேகாததால் அல்ல, ஒவ்வாமையாக இருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் உணவுப் பொட்டலத்தில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருள்களில் செலரியும் ஒன்று, கிழங்கும் அதில் சேர்த்தி. வேகவைத்தாலும் முழுக்கப் போகாது. இன்னொரு தடவை தின்று பார்க்கும் வேலை வேண்டாம். டாக்டரிடம் போங்கள்.

*அத்தோவில் (பர்மா நூடுல்ஸ்) முட்டைக்கோசுக்குப் பதில் பச்சையாகச் சீவிப் போடலாமா? (பி.வி. காலனி)*

இதுதான் கேள்வி! தாராளமாகப் போடலாம். பிரெஞ்சுக்காரர்கள் பச்சையாகத்தான் சீவி, கடுகும் மயோனைசும் கலந்து தின்கிறார்கள். தோலைக் கத்தியால் இறக்கி (பீலர் வேண்டாம்), தீக்குச்சி கனத்தில் சீவி, உப்பும் எலுமிச்சையும் பிசறி அரைமணி வையுங்கள். பிழிந்துவிட்டு நூடுல்ஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், வறுத்த மிளகாய்த்தூளோடு கையால் பிசையுங்கள். கூட வைக்கிற வாழைத்தண்டு சூப்பில் மட்டும் கை வைக்காதீர்கள், அது இருக்கிறபடியே இருக்கட்டும்.