ஜூரி அப்புறம் தம்பி, முதல்ல ஸ்டேஷன்

தம்பி, உங்க ரூம்மேட்டை இங்கிலாந்துல கத்திக்குத்து கேஸ்ல பிடிச்சு ஜாமீன்ல விட்டிருக்காங்க, அடுத்த வாரம் ஸ்டேஷன்ல மறுபடி விசாரணை, ஜூரி (கோர்ட்ல குற்றவாளியா இல்லையான்னு முடிவு சொல்ற 12 பொதுமக்கள்) எப்படி இருப்பாங்க, கோர்ட்டுக்குக் கோட் போடணுமான்னு கேட்டிருக்கீங்க. கோட் இருந்தா போடட்டும், அது பெரிய விஷயமில்ல. பாலக்கோட்டுப் பையன்னு சொன்னதால நீட்டி எழுதறேன். நான் ஊரை விட்டுக் கிளம்பறப்போ கிருஷ்ணகிரியும் தருமபுரி மாவட்டம்தான்.

நம்ம ஊர்ல போலீஸ்கிட்ட ஒத்துக்கிட்டது கோர்ட்ல நிக்காது. அந்த நெனப்புலயே நம்மாளுங்க இங்கிலாந்து வந்தும் வாயைத் திறந்துடறாங்க. இங்க ஸ்டேஷன் விசாரணை முழுக்கப் பதிவாகும். மாசக்கணக்கு கழிச்சு அதையே 12 பேர் முன்னாடி படிச்சுக் காட்டுவாங்க. 'உண்மையைச் சொன்னா விட்டுருவாங்க'ன்னு தமிழ்ச் சங்கத்துப் பெரிய மனுஷங்க சொல்வாங்க, கேக்காதீங்க.

சம்பளம் எவ்வளவு வாங்கினாலும் ஸ்டேஷன்ல சொலிசிட்டர் (வக்கீல்) இலவசம். போலீஸ் கையில என்ன இருக்குன்னு முதல்ல அவர் கேட்டு வாங்கட்டும். பிறகு மூணு வழி: பதில் சொல்றது, 'நோ கமெண்ட்', இல்ல எழுதி வெச்சு வாசிக்கிறது. கம்முனு இருந்தாலும் சிக்கல் உண்டு. அன்னிக்குச் சொல்லாத விளக்கத்தைக் கோர்ட்ல புதுசா எடுத்துவிட்டா, ஜூரி அதைச் சந்தேகமாப் பாக்கலாம்னு 1994ல வந்த இங்கிலாந்துச் சட்டம் சொல்லுது. தற்காப்புக்குச் செஞ்சதுன்னா இதை அவசியம் சொலிசிட்டர்கிட்ட பேசணும்.

மொழிபெயர்ப்பாளரும் இலவசம்தான். 'நான் இங்கிலீஷ் மீடியம்'னு ரோஷம் வேணாம். வாட்ஸ்அப்ல 'கொன்னுடுவேன்டா'ன்னு அனுப்பியிருந்தா அரசுத் தரப்பு அதை அப்படியே மொழிபெயர்த்து வைக்கும். நம்ம வீட்ல அம்மாவே நாளுக்கு நாலு வாட்டி சொல்ற வார்த்தைன்னு அந்த 12 பேருக்குத் தெரியுமா? தமிழ் பேச்சுவழக்கு தெரிஞ்ச ஆள்கிட்ட தனியா மொழிபெயர்ப்பு வாங்கச் சொல்லுங்க.

ஜூரின்னா வாக்காளர் பட்டியல்ல குலுக்கி எடுக்கிற ஆளுங்க, 18லருந்து 75 வயசு வரைக்கும். காரணமில்லாம யாரையும் வேணாம்னு சொல்ல முடியாது. முதல்ல ஒருமனதான தீர்ப்புதான் கேப்பாங்க. குறைஞ்சது 2 மணி 10 நிமிஷம் போனப்புறம், ஜட்ஜ் விட்டா, 12 பேர்ல 10 பேர் ஒத்துக்கிட்டா போதும். ஏன்னு விளக்கம் எழுத மாட்டாங்க. நண்பர்கள் யாரும் ஜூரிகிட்ட பேச்சுக் கொடுக்கக் கூடாது, அதுவே குற்றம்.

விசாவையும் மறக்காதீங்க. 12 மாசமோ மேலயோ சிறைன்னா நாடு கடத்தல் நடவடிக்கை வரும். குற்றத்தை ஒத்துக்கிட்டா தண்டனை மூணுல ஒரு பங்கு வரை குறையும்னு ஆசை காட்டுவாங்க. அப்படி ஒத்துக்கறதுக்கு முன்னாடி விசா விஷயம் பாக்கிற இமிக்ரேஷன் வக்கீலையும் கேக்கணும்.

அந்த வாட்ஸ்அப் மெசேஜை அழிச்சிடுன்னு மட்டும் ரூம்மேட்டுக்கு யோசனை சொல்லிடாதீங்க, தம்பி. அப்புறம் உங்களுக்கும் தனி கேஸ்.